ஒன்பது வீட்டு மீன் குழம்பும் ஒரே ஒரு கோலும்

பந்தை உதைக்கத் தெரியாதவனுக்குத்தான் அதை எப்படி உதைக்க வேண்டும் என்பது துல்லியமாகத் தெரியும். கோட்டுக்கு உள்ளே நிற்பவனுக்கு வியர்வை கண்ணில் இறங்குகிறது. பந்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே புரிவதில்லை. வெளியே வேர்க்கடலை தின்றுகொண்டு நிற்பவனுக்கோ எல்லாம் கண்ணாடி மாதிரி தெரிகிறது. நான் வெகுநாள் வேர்க்கடலைக் கட்சியில் இருந்தவன். ஒரே ஒரு நாள், திருப்போரூரில், கட்சி மாறினேன். அந்த ஒரு நாளுக்கே என் ஆயுசு முழுக்கச் சிரிக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பைச் செங்கல்பட்டில் பாதியில் விட்டேன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். கை புண்ணானதும் லாரியில் கிளீனராக ஏறினேன். பிறகு கடப்பாக்கம் பக்கம் உப்பளத்தில் கொஞ்ச நாள், செங்கல் சூளையில் கொஞ்ச நாள், மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் கல்லுக்குப் பாலீஷ் போட்டுக் கொஞ்ச நாள். (நான் பாலீஷ் போட்ட பிள்ளையார் ஒருவருக்குத் தும்பிக்கை தேய்ந்துபோனது. அதோடு அந்த வேலையும் தேய்ந்தது.) அதுவரை எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. துணிப்பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. கிளம்ப வேண்டுமென்றால் பையைத் தூக்கித் தோளில் போட்டால் போதும். சோறு கிடைத்த நாள் தின்றேன், கிடைக்காத நாள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். இதில் சோகம் ஒன்றும் இல்லை. பசியும் பஸ் மாதிரி, வரும், நிற்கும், போய்விடும்.

தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு ஐஸ் உடைக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தேன். மீன் ஏலம் விடுகிற கொட்டகையில் படுக்கை. பேரைக் கேட்டார்கள், சொன்னேன். ஒருவரும் அதை மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் நான் "செங்கல்பட்டு"தான்.

அந்தக் குப்பத்துக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. பேர் நீலக்கடல். சாயங்காலம் கடலோர மணலில் பையன்கள் ஆடுவதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் மயங்கிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு தை மாதமும் திருப்போரூரில் சுற்றுவட்டார டீம்களுக்கு நடக்கும் போட்டிக்குப் போவார்கள், முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார்கள். தொடர்ந்து நாலு வருஷம். தோற்றதைக்கூட மன்னிக்கலாம். நாலு வருஷத்தில் ஒரு கோல்கூடப் போடவில்லை.

காரணம் கோச்சுகள் என்பது எங்கள் கட்சி. எங்கள் கட்சி என்றால் முக்கியமாக இரண்டு பேர். நானும், ஏலம் விடுகிற ஆறுமுகமும். ஆறுமுகத்தின் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கரையில் நின்று "வஞ்சிரம்" என்று சொன்னால் கடலில் இருக்கிற வஞ்சிரம் திரும்பிப் பார்க்கும்.

கோச்சுகளும் இரண்டு பேர். பெரிய கோச் கஜா மாஸ்டர். ஒரு காலத்தில் சென்னையில் ஏதோ கிளப்பில் ஆடினாராம். இப்போது முழங்கால் மடங்காது; வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். சின்ன கோச் பாபு. அவருக்கு இரண்டு வேலை. பையில் எலுமிச்சம்பழத் துண்டுகளை வைத்திருப்பது ஒன்று. மாஸ்டர் சொல்வதன் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வது இன்னொன்று.

"மேல ஏறி ஆடு!" என்பார் மாஸ்டர்.

"ஆடு!" என்பார் பாபு.

இவர்கள் செய்த பெரிய அநியாயம் ஒன்று உண்டு. குப்பத்திலேயே வேகமாக ஓடுகிறவன் தேசிங்கு. அவனைக் கோல்கீப்பராக நிறுத்தினார்கள். குப்பத்திலேயே மெதுவாக ஓடுகிறவன் மூர்த்தி. அவனை சென்டர் ஃபார்வர்டாக, அதாவது நட்டநடுவில் நின்று கோல் போட வேண்டிய இடத்தில் நிறுத்தினார்கள். மூர்த்தி நல்ல பையன். ஆனால் அவன் ஓடினால் அவனுடைய நிழலுக்கே அலுப்புத் தட்டிவிடும்.

"யோவ் மாஸ்டர்! அந்த மூர்த்திக்குப் பதிலா ஒரு கட்டுமரத்த நிக்க வெய்யி! காத்தடிச்சா அதுனா நகரும்!" என்று நான் கத்துவேன்.

"கண்ணு கீதா, இல்ல நண்டு துன்னுட்சா?" என்பார் ஆறுமுகம்.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். குடையைக் கொஞ்சம் எங்கள் பக்கமாகச் சாய்த்துக்கொள்வார்.

எனக்கு இவ்வளவு கால்பந்து அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கிளீனராக இருந்தபோது மலப்புரம் பக்கம் லாரி பழுதாகி நின்றுவிட்டது. சாமான் வரும்வரை சும்மா கிடந்த நாட்களில், டிக்கெட் வாங்க வழியில்லாமல் ஓலை வேலியின் ஓட்டை வழியாகக் கால்பந்து பார்த்தேன். ஓட்டை சின்னது. மைதானத்தில் ஒரு மூலைதான் தெரியும். அந்த மூலைக்குப் பந்து அதிகம் வரவில்லை. இதைக் குப்பத்தில் யாரிடமும் சொல்லவில்லை. "கேரளாவுல நான் பாக்காத மேட்சா?" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நாலாவது வருஷமும் தோற்று வந்த மறுநாள், ஆறுமுகமும் நானும் ஊர்க்கூட்டத்தில் வழக்கு வைத்தோம். அம்மன் கோயில் எதிரே கூட்டம். கோச்சுகள் இரண்டு பேரையும் தூக்க வேண்டும் என்று ஆறுமுகம் ஏலக் குரலில் சொன்னார். (பக்கத்துக் குப்பத்திலும் கேட்டிருக்கும்.) கேரளாவில் எப்படியெல்லாம் ஆடுகிறார்கள் என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன்.

தலைவர் வேதாசலம் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "முட்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் அண்ணாத்த."

"கட்டுமரத்துல பின்னாடி நின்னு துடுப்பு புட்சினு வரான் ஒருத்தன். முன்னாடி குந்திகினு கீறவன் அவன கொற சொல்றான். கரைக்கு வந்தா நம்ம ஊர்ல இன்னா பண்ணுவோம்?"

எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரிந்திருந்தது. ஒரே குரலில் பதில் வந்தது. "மறுநாளு கொற சொன்னவன் கைல துடுப்ப குட்த்துடுவோம்!"

"அப்பறம் இன்னா? குடுங்க," என்றார் தலைவர்.

கஜா மாஸ்டர் எழுந்து வந்து கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். அவர் முகத்தில் வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். முதுகிலிருந்து ஐஸ் கட்டியை இறக்கி வைத்தவன் முகம் மாதிரி இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. அதற்குப் பதிலாக வீரம் வந்தது. ஒருவரும் கேட்காமலே சொன்னேன். "வர்ற தையில மொத ஆட்டத்துல தோத்தா, நான் இந்தக் குப்பத்துலயே இருக்க மாட்டேன்!"

"எல்லாரும் கேட்டுக்குனீங்களா?" என்றார் தலைவர். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். தேசிங்கின் அக்கா தனம். ஏலத்தில் மீன் எடுத்து மாமல்லபுரம் ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவள். காலையில் ஐஸ் வாங்க வருவாள். "ஐஸ்ஸா இது? ஒடச்சியா, கட்ச்சியா?" என்பதைத் தவிர அவள் என்னிடம் வேறு எதுவும் பேசியதில்லை. இருந்தாலும் அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஊரைவிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் போய்விடுவேன் என்று ஊரறியச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வருஷம் ஓடியது. மார்கழி பிறந்தது. நீலக்கடலில் கோச்சுக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் இருந்தது. மார்கழி பிறந்ததும், ஒரு நாளைக்கு ஒரு ஆட்டக்காரன் வீடு என்று ஒரே ஒரு சுற்று முறைவைத்து கோச்சுக்குச் சோறு போடுவார்கள். சும்மா சோறு இல்லை. வலையில் வந்ததில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைத்துச் சமைப்பார்கள். பன்னும் டீயுமாக ஓடிக்கொண்டிருந்த வயிற்றுக்கு இது தாங்க முடியாத மரியாதை.

முதல் முறை மூர்த்தி வீடு. அவன் அம்மா பச்சையம்மா எறா தொக்கு செய்திருந்தார். ஒரு இறால் ஒரு விரல் நீளம். மூன்றாவது தடவை சோறு போடும்போது சொன்னார்.

"தம்பி, நீ வந்துட்டன்னு மூர்த்திய மாத்திடாத. அவன் நடுவுலயே நிக்கட்டும். அவங்க நைனா இருந்தப்போ ஆசப்பட்டாரு."

மூர்த்தியைத் தூக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் கோச்சே ஆனேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் எறா இருந்தது. வாயில் எறா இருக்கும்போது "முடியாது" என்கிற சொல் வெளியே வராது. தலை மட்டும்தான் ஆடும். அதுவும் மேலும் கீழுமாகத்தான் ஆடும்.

மறுநாள் இன்னொரு வீடு. சங்கரா மீன் குழம்பு. "எம்புள்ள எம்மா நாளுதான் ஓரத்துலயே ஓடிகினு கெடப்பான்? நடுவுல வுடு தம்பி." தலை ஆடியது. அதற்கு அடுத்த நாள் சுறா புட்டு. அங்கே நான் சாப்பிட உட்காரும் முன்பே தலையை ஆட்டிவிட்டேன். நெத்திலி வறுவலுக்கு ஒன்று, வவ்வால் மீனுக்கு ஒன்று, நண்டு ரசத்துக்கு ஒன்று. ஒரு டீமில் சென்டர் ஃபார்வர்டு என்பது பொதுவாக ஒரே ஆள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது மைதானத்து விஷயம், மைதானத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சோறு இங்கே, இப்போது, சூடாக இருந்தது.

ஒன்பதாவதாக வந்தது தேசிங்கு வீடு. பரிமாறியது தனம். வஞ்சிரத் துண்டு தட்டை விட்டு வெளியே தொங்கியது. அவள் அம்மா அஞ்சலை எதிரே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார்.

"எல்லார் வூட்டு புள்ளையும் பந்த ஒதைக்குது. எம்புள்ள மட்டும் எப்பப்பாரு குனிஞ்சி பொறுக்கிகினே கீறான். அவன் இன்னா பந்து பொறுக்கவா பொறந்தான்?"

"இந்த வாட்டி தேசிங்குதான்மா சென்டரு," என்றேன். இதை மட்டும் வாயைத் திறந்தே சொன்னேன். ஏனென்றால் இது நியாயம். நாலு வருஷமாக நான் கத்தியதே இதற்குத்தான்.

தனம் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "எம்மா, இவரு எல்லார் வூட்லயும் இதே மாரி தலையாட்டிகினுதான் வராரு. கொயாவுல தண்ணி புடிக்கறப்போ பொம்பளைங்க சொல்லிகினாங்க."

"தேசிங்கு விஷயம் வேற," என்றேன்.

"மூர்த்தி விஷயமும் வேறன்னுதான் பச்சையம்மாக்கா சொல்லுது," என்றாள். அதற்குமேல் எனக்கு மீன் இறங்கவில்லை. (ஒரு துண்டு மட்டும் இறங்கியது. வஞ்சிரத்தை வீணாக்கக் கூடாது.)

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சுற்று முறை. ஒருவன் கொஞ்ச நேரம் நடுவில் நிற்பான், நான் விசில் ஊதினால் அவன் ஓரத்துக்குப் போவான், அடுத்தவன் நடுவுக்கு வருவான். வேலி ஓட்டையில் நான் பார்த்த மூலையிலும் ஆட்கள் வருவதும் போவதுமாகத்தான் இருந்தார்கள். ஆகவே இது கேரளா முறைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போட்டி நாள். மீன் வண்டியில் ஆட்களை ஏற்றினோம். எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் மீன் வண்டி மீன் வண்டிதான். நாங்கள் திருப்போரூருக்குள் நுழைவதற்கு முன்பே எங்கள் வாசனை நுழைந்துவிட்டது. வழக்கமாக ஆண்கள்தான் வருவார்கள். அன்றைக்குப் பின்னால் இன்னொரு வண்டியும் வந்தது. அதிலிருந்து ஒன்பது அம்மாக்கள் பொங்கலுக்கு எடுத்த புதுப்புடவையில் இறங்கினார்கள். தன் பிள்ளை நட்டநடுவில் நின்று ஆடுவதைப் பார்க்க ஒவ்வொருவரும் வந்திருந்தார்கள். நான் மீன் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

எதிர் டீம், எங்களுக்குத் தெற்கே அரசாங்க வேலைக்காரர்களின் குடும்பங்கள் இருக்கிற டவுன்ஷிப் பையன்கள். பூட்ஸ், முழங்கால்வரை சாக்ஸ், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டவுசர். எங்கள் பையன்கள் வெறுங்கால். அதுகூடப் பிரச்சினை இல்லை. ஆட்டம் தொடங்க வரச்சொன்னதும் எங்கள் பையன்களில் ஒன்பது பேர் நேராகப் போய் நடு வட்டத்தில் நின்றுகொண்டார்கள். அவரவர் அம்மா அவரவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ரெஃபரி என்னிடம் வந்தார். "கோச் யாரு?"

"நான்தான் சார்."

"இது என்ன, குரூப் போட்டோவா? இடத்துக்குப் போகச் சொல்லுங்க."

ஒருவழியாகப் பிரித்து விட்டேன். தேசிங்கைக் கெஞ்சிக் கூத்தாடி, "உன் முறை வர்ற வரைக்கும்" என்று கோலில் நிறுத்தினேன். ஆட்டம் தொடங்கியது. முதல் முறை மூர்த்தி. பந்து அவனிடம் வந்து சேருவதற்குள் விசில் ஊத வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஊதினேன். எங்கள் பையன்கள் இடம் மாறினார்கள். நல்லது. ஆனால் விசில் சத்தம் கேட்டதும் டவுன்ஷிப் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ரெஃபரியைப் பார்த்தார்கள்.

ரெஃபரி ஓடி வந்தார். "யோவ், இங்க விசில் ஊதுறது நான் ஒருத்தன்தான்யா!" என்று சொல்லி என் விசிலைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

விசில் போனதோடு சுற்று முறையும் போனது. நான் கையை ஆட்டினேன், துண்டை ஆட்டினேன். நடுவில் நின்றவர்கள் யாரும் நகரத் தயாராக இல்லை. ஓரத்தில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் முறை வந்துவிட்டது என்று நடுவுக்கு வந்துவிட்டார்கள். டவுன்ஷிப் பையன்கள் காலியாகக் கிடந்த ஓரத்தில் காற்றாடப் போய், காற்றாட கோல் போட்டார்கள்.

அப்போதுதான் ஆறுமுகத்தின் குரல் கேட்டது. அவர் எப்போது என்னைக் கைவிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. கோட்டுக்கு வெளியே வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நின்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு கோலு... ஒரு கோலு... ரெண்டு கேக்கறது யாரு? ரெண்டு வந்தாச்சி! ரெண்டு கோலு... மூணு கேக்கறது யாரு?"

அவர் பக்கத்தில் ஒரு குடை. அதன் கீழே கஜா மாஸ்டர். நாலு வருஷம் அசையாமல் நின்ற மனுஷன், கை தட்டிக் கத்தினார். "ஏய் கோச்சு! கண்ணு கீதா, இல்ல நண்டு துன்னுட்சா?"

"துன்னுட்சா!" என்றார் பாபு. அவரை நான் என் பக்கம் சின்ன கோச்சாகவே வைத்திருந்தேன். நின்றது என் பக்கத்தில், திருப்பிச் சொன்னது மாஸ்டரை.

அம்மாக்கள் எழுந்துவிட்டார்கள்.

"எம்புள்ள முறை இன்னா ஆச்சி? சங்கரா கொயம்ப வயிச்சி வயிச்சி துன்னல?"

"சுறா புட்டு ரெண்டு வாட்டி வாங்கி துன்னுட்டு, எம்புள்ளைய ஓரத்துலயா நிக்க வெக்கற, பேமானி?"

"எறா தொக்குடா! எறா தொக்கு!" என்றார் பச்சையம்மா.

போட்டி நடத்தியவர்கள் மைக் வைத்திருந்தார்கள். மைக்கில் பேசியவர் ஆட்டத்தை விட்டுவிட்டு இதற்கு வர்ணனை சொல்ல ஆரம்பித்தார். "நீலக்கடல் அணியின் பயிற்சியாளர் இதுவரை எறா, சுறா, சங்கரா ஆகியவற்றைச் சாப்பிட்டிருப்பதாகத் தெரியவருகிறது" என்று திருப்போரூர் முழுக்கக் கேட்டது. முருகன் கோயிலுக்கு வந்த ஜனம்கூட மைதானத்துக்குத் திரும்பியது.

இடைவேளையின்போது ஆறுக்குப் பூஜ்யம். நான் மானத்தை விட்டு மாஸ்டரிடம் போனேன். "மாஸ்டர், எதுனா வழி சொல்லுங்க."

அவர் குடையை மடக்கினார். "எத்தினி வூட்டுக்கு சொல்லிகிற?"

"ஒம்போது."

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் உண்மையான மரியாதை இருந்தது. "நான் மூணு வூட்டுக்குதான்யா சொன்னேன். அந்த எறா தொக்கு என்னயும் கவுத்துச்சி. அதுக்கே நாலு வருஷம் தோத்தோம். ஒம்போது வூடா? உன் தெறம எனக்கு வராதுப்பா."

வழிக்குப் பதிலாகப் பாதி எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

இரண்டாவது பாதி தொடங்கியதும் அஞ்சலை மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "எம்புள்ளைய எப்போ மேல அனுப்புவ?" அவர் கேட்டு முடிப்பதற்குள் தேசிங்கு தானாகவே கோலை விட்டு நடந்து வந்து நடுவில் நின்றான். கோல் காலி. ஆள் கணக்குக்காக பாபுவின் பேரையும் கொடுத்து வைத்திருந்தோம். ஒருவனை வெளியே இழுத்துவிட்டு பாபுவைத் தள்ளினேன். அவர் எலுமிச்சம்பழப் பையைத் தோளில் மாட்டியபடியே கோலில் நின்றார்.

"ஏழு கோலு... ஏழு கோலு..." என்றார் ஆறுமுகம்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். துணிப்பையும் போர்வையும் கண்முன் வந்தன. எழுந்து கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன். கோச் உள்ளே வரக்கூடாது என்று ரெஃபரி கத்துவது கேட்டது. "எல்லாருமே நடுவுலயே நில்லுங்கடா! எப்பிடினா போங்க!" என்று சொல்லிவிட்டு அழாத குறையாகத் திரும்பினேன்.

அதன் பிறகு நடந்ததை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர்கள் செய்துவந்த காரியம் அது. கரைவலை இழுக்கும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, வளைத்து, நெருக்கி, நடுவில் இருப்பதைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒன்பது பேரும் பந்தைச் சுற்றி அப்படியே அரைவட்டமாக வளைந்தார்கள். ஒருவன் காலிலிருந்து அடுத்தவன் காலுக்குப் பந்து ஒரு முழம் தூரம்தான் போனது. டவுன்ஷிப் பையன்கள் நாலைந்து பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வெளியே வர வழியில்லை.

ஆறுமுகத்துக்கு ஏலம் மறந்துபோனது. "ஐலசா!" என்றார்.

அம்மாக்கள் பாடினார்கள். "ஐலசா!"

அரைவட்டம் நகர்ந்தது, நெருங்கியது, இறுகியது. பந்து, மாட்டிக்கொண்ட பையன்கள், அவர்களுடைய கோல்கீப்பர், எட்டிப் பார்க்க வந்த ரெஃபரி எல்லாரும் சேர்ந்து வலைக்குள் போய் விழுந்தார்கள். தூசி அடங்கியதும் ரெஃபரி படுத்தவாக்கிலேயே விசில் ஊதினார். (அது என் விசில் என்று இன்றும் நம்புகிறேன்.)

கோல்.

போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது அம்மாக்களும் மைதானத்துக்குள் ஓடிப்போய் அவரவர் பிள்ளையைக் கட்டிக்கொண்டார்கள். அந்த சந்தோஷம் முடிவதற்குள் டவுன்ஷிப் பையன்கள் பாபுவிடம் இன்னும் மூன்று போட்டார்கள். பத்துக்கு ஒன்று. வண்டியில் திரும்பும்போது கோப்பையை ஜெயித்தவர்கள் மாதிரி வழியெல்லாம் பாட்டு. நான் ஒருவன்தான் தோற்றவன்.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு கோயில் எதிரே போனேன். சொல்லாமல் போகக் கூடாது என்று தோன்றியது. அதற்கு முன் எந்த ஊரிலும் அப்படித் தோன்றியதில்லை.

"சொன்ன சொல்லு சொல்லுதான். கெளம்பறேன் அண்ணாத்த," என்றேன்.

தலைவர் தலையாட்டினார். ஆனால் பச்சையம்மா விடவில்லை. "எப்பிடி போவான்? எறா தொக்க துன்னுட்டு ஏமாத்திக்கிறான். சும்மா வுட்டுடுவீங்களா?"

மற்ற அம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள். தலைவர் வெற்றிலையை ஒதுக்கினார். வலை இழுக்காமல் மீனில் பங்கு வாங்கியவன், அதற்கு ஈடாக வலை இழுத்துக் கழிக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். "ஒம்போது வூட்டு வலையும் இஸ்துட்டுப் போவட்டும். எந்த வூட்ல எம்மா துன்னானோ அம்மா நாளு," என்றார்.

ஒவ்வொரு வீடாக எழுந்து சொன்னது. ஒரு நாள், ஒரு நாள், சுறா புட்டு வீட்டில் இரண்டு நாள். கடைசியில் தனம் பேசினாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"எங்க வூட்ல ஏயு வாட்டி துன்னாரு."

ஏழு தடவையாம். நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டது ஒரே ஒரு தடவை. அஞ்சலை மகளைத் திரும்பிப் பார்த்தார். தேசிங்கு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

"ஏயு வாட்டியா?" என்றார் தலைவர் என்னைப் பார்த்து.

வாயில் மீன் எதுவும் இல்லை. இருந்தாலும் தலைதான் ஆடியது, மேலும் கீழுமாக.

எட்டு வீட்டுக் கணக்கு தை முடிவதற்குள் தீர்ந்தது. அந்த ஒன்பதாவது வீட்டுக் கணக்குதான் தீரவில்லை. வலை இழுத்த நாளிலும் அங்கேயே சாப்பாடு போட்டார்கள். அது புதுக் கணக்காக ஏறியது. எங்கள் கல்யாணத்தன்று பந்தியில் கஜா மாஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் இருந்த வஞ்சிரத்தைக் காட்டி, "இதுக்கு எந்த எடம் குட்த்த?" என்று கேட்டார். அதற்குள் டீமை மறுபடி அவரே வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷமும் தோற்றோம். மூர்த்திதான் சென்டர் ஃபார்வர்டு. நான் வேர்க்கடலையோடு வெளியே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு கோலைப் போட்டது தன் பிள்ளைதான் என்று ஒன்பது வீட்டிலும் சொல்கிறார்கள். பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அந்தச் சண்டை முடியவில்லை.

வீட்டுக்கு டிவி வந்த பிறகு உலகக் கோப்பை பார்ப்போம். எந்த நாடோ, கோட் சூட் போட்ட கோச் ஒருவர், ஓடவே முடியாத ஒருத்தனை நடுவில் நிறுத்தி வைத்திருப்பார். பழக்க தோஷத்தில் நான் எழுந்து, "யோவ், இவன எதுக்குய்யா வெச்சிகினு கீற?" என்று கத்திவிடுவேன். உடனே அடுப்படியிலிருந்து தனத்தின் குரல் வரும்.

"பாவம், எந்த வூட்ல துன்னாரோ!"

என் இரண்டு பிள்ளைகளும் தரையில் உருண்டு சிரிப்பார்கள். நான் உட்கார்ந்துவிடுவேன். டிவியில் அந்த மனுஷன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கோட்டோரம் தனியாக நிற்பார். அவர் முகத்தையே உற்றுப் பார்ப்பேன். வஞ்சிரமா, எறாவா என்று ஓரளவு கண்டுபிடித்துவிடுவேன்.